புல் போர்த்திய கான்

குதிரை பிடிக்கிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஒரு வார்த்தையை அடிக்கடி கேட்கிறேன். "நான் சொல்லிட்டேனுங்க." லாடம் ஆடுகிறதே என்றால், சொல்லிட்டேனுங்க. வயிற்று வார் நைந்து கிடக்கிறதே என்றால், சொல்லிட்டேனுங்க. யாரிடம் சொன்னாய், அவர் காதில் ஏறியதா, ஏறி என்ன செய்தார் என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிறீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உங்கள் மேல் மட்டும் இல்லை, என் மேலும்தான். அந்த ஒரு வார்த்தையை நம்பிக்கொண்டு நின்று நான் ஒரு குதிரையைச் சாகவிட்டிருக்கிறேன்.

அப்போது ராகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், பெரிய துரையின் லாயத்தில் வேலை பார்த்தேன். ஐம்பதுகளின் நடுப்பகுதி. பெரிய துரை என்றால் தோட்டத்தை ஆளுகிற வெள்ளைக்காரர். அவருடைய சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை லில்லி என் பொறுப்பில் இருந்தது. தேய்க்கிறது, கழுவுகிறது, கொள்ளு வேகவைக்கிறது, கால் வீங்கினால் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணி மாற்றுகிறது எல்லாம் நான். அதன் முதுகில் உட்கார மட்டும் எனக்கு அனுமதி கிடையாது. நுவரெலியாவுக்குக் குதிரையைக் கொண்டுபோகச் சொன்னால், வெறும் முதுகோடு அது நடக்கும், வெறுங்காலோடு பக்கத்தில் நானும் நடப்பேன். ஏறி உட்கார்ந்ததை யாராவது பார்த்துச் சொல்லிவிட்டால் பேர் வெட்டிவிடுவார்கள்.

பேர் வெட்டுவது என்றால் இன்றைக்கு உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். நாடு சுதந்திரம் வாங்கி, தோட்டத்துத் தமிழர்களான எங்களை மட்டும் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று ஒதுக்கிவிட்ட காலம் அது. வோட்டு கிடையாது, காட்டுவதற்கு ஒரு கடுதாசி கிடையாது. தோட்டத்துச் செக்ரோலில், ஆள் பதிவேட்டில், எழுதியிருந்த பெயர் ஒன்றுதான் எங்களுக்கு இருந்தது. அதை வெட்டினால் வேலையோடு, குடியிருக்கிற ஒற்றை அறை லயத்துக் காம்பராவும் போகும். பெண்டாட்டி பிள்ளைகளோடு ரோட்டில் நிற்க வேண்டும். எந்த வாய் திறந்தாலும் அந்த நினைப்பு வந்துதான் திறக்கும்.

அந்த வருஷம் பெரிய துரை, சுற்றுவட்டாரத் துரைமார்களுக்கென்று மூன்று நாள் குதிரையேற்ற வகுப்பு ஒன்று வைத்தார். கற்றுக்கொடுக்க வந்தவர் பழைய குதிரைப்படை அதிகாரி. சீமையில் மூன்று நாள் போட்டி ஒன்று நடக்குமாம். முதல் நாள் சதுரத்துக்குள் குதிரையை அடக்கமாக நடத்திக் காட்ட வேண்டும். இரண்டாம் நாள் மேடு பள்ளம் கடந்து, கட்டைகளையும் வேலிகளையும் தாவி ஓட வேண்டும். மூன்றாம் நாள் மைதானத்தில் நிறுத்திய தடைகளை ஒன்றும் விழாமல் தாண்ட வேண்டும். அதில் பல வருஷம் ஓடியவர், பிறகு மற்றவர்களைப் பழக்கியவர், இங்கேயும் அதே வரிசையில்தான் பழக்கினார். கையில் எப்போதும் நீளமான குச்சி ஒன்று இருக்கும். நாங்கள் அவரைக் குச்சித் துரை என்று கூப்பிட்டோம், அவர் காதில் விழாமல்.

மனுஷன் வேலை தெரிந்தவர். அதை மறைக்க மாட்டேன். முதல் நாளே பெரிய துரையை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, "குதிரையின் வாயைப் பிடித்துத் தொங்காதீர்கள், அது மாடிப்படிக் கைப்பிடி இல்லை" என்றார். அந்த அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் புரியும். நாங்கள் ஆறு குதிரைக்காரர்களும் சிரிப்பை அடக்க முடியாமல் ஆளுக்கொரு குதிரை வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டோம். நடந்து பார்க்காத நிலத்தில் தாவக் கூடாது என்பது அவருடைய முதல் பாடம். தாவும் முன் துரைமார் எல்லோரையும் கால்நடையாகக் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு தடைக்கும் முன்னும் பின்னும் குச்சியால் குத்திக் காட்டினார். எங்களை மட்டும் கூட்டிக்கொண்டு போகவில்லை. புல்வெளி ஓரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, குதிரைக்காரர்கள் இதற்கு அந்தப் பக்கம் நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார். எங்கள் சத்தத்தில் குதிரைகளின் கவனம் சிதறுமாம். அந்தக் குதிரைகள் எங்கள் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவை.

இனி அந்தக் கானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மழைத் தண்ணீர் மண்ணை அடித்துக்கொண்டு போகாமலிருக்க, தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே முழங்காலுக்கு மேல் ஆழமாகக் கான் வெட்டுவார்கள். வகுப்புக்கென்று ஒதுக்கிய புல்வெளியிலும் பழைய கான் ஒன்று கோணலாக ஓடியது. வகுப்புக்குப் பத்து நாள் முன்னால் பெரிய துரை வந்து பார்த்துவிட்டு, பள்ளம் கிள்ளம் எதுவும் தெரியக் கூடாது, எல்லாம் சமமாக இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். கல்லும் மண்ணும் போட்டு, இடித்து இறுக்க வேண்டிய வேலை. அதற்குக் கொடுத்தது மூன்று பேர், மூன்று நாள். லாயத்தில் வேலை குறைவு என்று அந்த மூவரில் என்னையும் சேர்த்தார்கள்.

எங்களை வேலை வாங்குகிற கங்காணி கணக்குப் போட்டுப் பார்த்தார். கல் சுமக்க ஆள் காணாது. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை, நாங்கள் அடுப்பெரிக்கிற மிலாற்றை, கட்டுக்கட்டாகக் கானில் திணிக்கச் சொன்னார். அதன் மேல் ஒரு சாண் மண். அதற்கு மேல் வேரோடு பாளம் பாளமாகப் புல்லை வெட்டி வந்து போர்த்தினோம்.

"இதுல ஆள் ஏறி நின்னா உள்ள போயிடுமேங்கய்யா" என்றேன்.

"அவரு பாக்கத்தானேடா போறாரு, ஏர் கட்டி உழவா போறாரு?" என்றார் கங்காணி.

எங்கே கட்டை வைப்பார்கள், எங்கே தாவுவார்கள் என்று அப்போது யாருக்கும் தெரியாது. பெரிய துரை வந்து பார்த்தார். கண்ணுக்கு அழகாக இருந்தது. கங்காணியின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் காலையில் லில்லியைப் பிடித்துக்கொண்டு புல்வெளிக்கு வந்தேன். மூன்றாவது தடையாக ஒரு பெரிய கருப்பந்தைல மரக்கட்டையை, யூகலிப்டஸ் கட்டையை, போட்டிருந்தார்கள், சரியாக அந்தக் கானுக்கு இந்தப் பக்கம். கான் கோணலாக ஓடியது என்று சொன்னேன் அல்லவா? கட்டையின் இடது முனையில் தாவினால் குதிரை கானைத் தாண்டிக் கெட்டி மண்ணில் இறங்கும். வலது முனையில் தாவினால் இறங்குகிற இடமே கான்தான். குச்சித் துரை குத்திப் பார்த்த அடையாளம் புல்லில் இருந்தது, ஆனால் நடுவிலும் இடது பக்கத்திலும்தான்.

நான் ஓடிப்போய்க் கங்காணியிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"வாய மூடுடா செல்லையா. பெரிய தொரைக்குத் தெரிஞ்சா மூணு பேரு பேரையும் வெட்டிப்புடுவாரு. வெளித் தோட்டத்தானெல்லாம் வந்து நிக்கிறான், அவனுங்க முன்னால நம்ம தோட்டத்து மானத்த வாங்கிப்புடாத. நான் கண்டாக்கையாகிட்ட சொல்றேன், அவரு பாத்துக்கிடுவாரு."

கண்டாக்கையா என்றால் வயல் வேலைகளுக்கு மேற்பார்வை பார்க்கிற உத்தியோகத்தர், யாழ்ப்பாணத்துக்காரர். கங்காணி அவர் பக்கத்தில் போய்க் கைகட்டி ஏதோ சொன்னதை என் கண்ணால் பார்த்தேன். கண்டாக்கையா போய், பெரிய துரைக்கு அடுத்தபடியான சின்னத் துரையிடம் பேசியதையும் பார்த்தேன். சின்னத் துரை சிரித்தார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. விஷயம் மேலே போய்விட்டது, இனி கட்டையை நகர்த்துவார்கள் என்று கயிற்றுக்குப் பின்னால் வந்து நின்றேன்.

என்ன போயிற்று தெரியுமா மேலே? பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கங்காணி கண்டாக்கையாவிடம், "அந்தப் பக்கம் மண்ணு கொஞ்சம் இளக்கமா இருக்குதுங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். கண்டாக்கையா சின்னத் துரையிடம் அதையும் குறைத்து, லேசான ஈரம் இருக்கிறது என்றிருக்கிறார். இந்த மலையில் எங்கே ஈரம் இல்லை என்று சின்னத் துரை சிரித்திருக்கிறார். மிலாறு என்ற பேச்சே ஒருவர் வாயிலும் வரவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் தலையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். எல்லோரும் சொல்லியாயிற்று!

கயிற்றுக்குப் பின்னால் எனக்குப் பக்கத்தில் முத்தையா நின்றான். பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டத்தில் குதிரைக்காரன். சுல்தான் என்ற பழுப்புக் குதிரையை இரண்டு நாள் நடத்திக்கொண்டு வந்திருந்தான். அதன் மேல் ஏறப் போவது அந்தத் தோட்டத்துச் சின்னத் துரையின் பெண்டாட்டி, கல்யாணமாகிப் புதிதாகச் சீமையிலிருந்து வந்த சிறு பெண். முத்தையாவிடம் கேட்டுக் கேட்டு நாலு வார்த்தை தமிழ் பழகியிருந்தது.

"குதிரைகிட்ட நான் தமிழ்ல பேசறேன், அது கேக்குது, தானும் பழகணும்னு எங்க தொரைசாணி பிடிவாதமா பழகுது, மச்சான்" என்று சிரித்தான் முத்தையா.

அரை மணி நேரம் பேசிக்கொண்டு நின்றோம். வந்த வழி, ராத்தங்கிய இடம், கொள்ளு விலை, அவன் மகளுக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளை எல்லாம் பேசினோம். நடுவில் அவன் சொன்னான்: "சுல்தானுக்கு ஒரு கெட்ட பழக்கம் மச்சான். தாவறப்ப வலது பக்கமா இழுத்துக்கிட்டுப் போயிடுவான். நேத்து சதுரத்துக்குள்ள நடத்தறப்பக்கூட இழுத்தான், குச்சித் தொரை அதுக்குத்தான் தொரைசாணிய ஏசினாரு."

கேட்டீர்களா? வலது பக்கம் என்று அவன் வாயாலேயே சொன்னான். நான் என்ன செய்தேன்? தூரத்தில் நின்ற கங்காணியைப் பார்த்தேன். அவர், எல்லாம் சொல்லியாச்சு என்கிற மாதிரித் தலையை ஆட்டினார். நான் முத்தையாவிடம், "வெத்தல வச்சிருக்கியா மச்சான்?" என்று கேட்டேன்.

முதலில் ஒரு துரை போனார். மூன்றாவது கட்டையை இடது பக்கமாகத் தாவினார். ஒன்றும் ஆகவில்லை. கட்டையை நகர்த்தவில்லை என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைத்தது. ஆனாலும் ஒரு குதிரை தப்பிவிட்டதைப் பார்த்து மனசு தனக்கு வேண்டியதைச் சொல்லிக்கொண்டது. ஒரு சாண் மண் இருக்கிறதே, தாங்கும் என்று சொல்லிக்கொண்டது. முத்தையா வாரை இறுக்கி, துரைசாணியை ஏற்றிவிட்டு, சுல்தானின் கழுத்தைத் தட்டி அனுப்பினான்.

அது வலது பக்கம் இழுத்துக்கொண்டு போனது. தாவியது. முன்னங்கால்கள் புல்லோடு உள்ளே போயின, உடம்பு அதற்கு மேலாகக் கவிழ்ந்தது. மிலாறு முறிந்த சத்தமா, கால் முறிந்த சத்தமா என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. துரைசாணி தூர விழுந்தாள், தோள்பட்டை எலும்பு உடைந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. சுல்தானுடைய முன்னங்கால் இரண்டாக ஆடியது. பங்களாவிலிருந்து துப்பாக்கி வருகிற வரைக்கும் முத்தையா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தான். அதற்கு மேல் அதைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

குச்சித் துரை கானுக்குள் கையை விட்டு ஒரு கட்டு மிலாற்றை இழுத்து வெளியே போட்டார். யார் செய்தது என்று கேட்டார். கங்காணியின் விரல் என்னை நோக்கி நீண்டது. மூன்று பேர் செய்த வேலை, உத்தரவு போட்டவர் அவர், நீண்டது என் பக்கம். கண்டாக்கையா நடுவில் நின்று மொழிபெயர்த்தார்.

"உனக்கு முந்தியே தெரியுமோ எண்டு துரை கேக்கிறார்."

"தெரியுமுங்க. காலையிலேயே சொன்னேனுங்க."

"ஆரிட்டச் சொன்னனி?"

"கங்காணிகிட்டங்க."

குச்சித் துரை அதைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு ஒரு வாக்கியம் சொன்னார்.

"கங்காணியோ குதிரைக்கு மேல இருந்தவர் எண்டு துரை கேக்கிறார்" என்றார் கண்டாக்கையா.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பேர் வெட்டினாலும் வெட்டட்டும் என்று தோன்றிய முதல் தருணம் அதுதான். "கயித்துக்கு அந்தப் பக்கம் நிக்கச் சொன்னது யாருங்க? நீங்கதானுங்களே! எல்லா இடத்தையும் நடந்து பாத்தீங்களே, இந்த மண்ணுல தெனமும் நடக்கிற எங்கள்ல ஒருத்தனக் கூப்புட்டுக் கேட்டீங்களா? கயித்தத் தாண்டி வந்து நான் பேசியிருந்தா கேட்டிருப்பீங்களா, அடிச்சிருப்பீங்களா?" என்று கத்தினேன்.

கண்டாக்கையா குச்சித் துரையின் பக்கம் திரும்பி, இவன் ரொம்ப வருத்தப்படுகிறான், மன்னிப்புக் கேட்கிறான் என்று இங்கிலீஷில் சொன்னார். அடப் பாவி மனுஷா! நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஒரு துரையின் முகத்துக்கு நேராகப் பேசினேன், அதுவும் மன்னிப்பாக மாறித்தான் போய்ச் சேர்ந்தது. அந்த மாதக் கடைசியில் என் பேரை வெட்டினார்கள். கூட வேலை செய்த இரண்டு பேர் பேரையும் வெட்டினார்கள். கங்காணி அந்தத் தோட்டத்திலேயே இருந்து வயதாகிச் செத்தார். நான் நுவரெலியாவுக்கு வந்து பந்தயக் குதிரை லாயங்களில் கூலிக்கு நின்று பிழைத்தேன்.

இந்தக் கோபத்தை எல்லாம் நான் நியாயமாகத்தான் வைத்திருக்கிறேன். ஒன்றைக்கூடத் திருப்பித் தரமாட்டேன். ஆனால் அன்று சாயங்காலம் லாயத்துக்குப் பின்னால் முத்தையா என்னைத் தேடி வந்தான். கையில் சுல்தானின் வெறும் தலைக்கயிறு. அழுது முடித்த முகம். நான் முந்திக்கொண்டு ஆரம்பித்தேன்: கங்காணி இப்படி, கண்டாக்கையா அப்படி, இந்தத் துரைமார் சாதியே இப்படி என்று. அவன் எல்லாவற்றையும் கேட்டான்.

"தொரைகிட்ட சொல்ல ஒனக்குப் பயம். சரி, ஒத்துக்கறேன், எனக்கும் பயந்தான்" என்றான். "எங்கிட்ட சொல்ல என்னா மச்சான் பயம்? பக்கத்துலதானே நின்னேன்?"

அவன் தலைக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே தொடர்ந்தான்.

"வார இறுக்கறப்ப தொரைசாணிகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருப்பேனே. அந்தக் கட்டையில எடது பக்கமா போ, இல்ல போகாதன்னு. எஞ்சொல்ல அது கேக்கும். அதுக்கு எந்தக் கங்காணி வேணும்?"

தோட்டத்து மானம் என்று கங்காணி சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன். அவன் கையிலிருந்த தலைக்கயிற்றைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். பிறந்ததிலிருந்து மேலே சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் வரிசையாக நிற்கும்போதுகூட, முன்னால் நிற்கிற கங்காணியைப் பார்க்கத்தான் கண் பழகியிருக்கும். ஒரு சங்கதி என்றால் கங்காணிக்கு, அவர் மூலமாகக் கண்டாக்கையாவுக்கு, அவர் மூலமாகத் துரைக்கு. பக்கத்தில் நிற்கிறவனுக்கும் ஒரு காது இருக்கிறது, அவனுக்கும் ஒரு குதிரை இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. அரை மணி நேரம் அவனோடு மாப்பிள்ளை பார்த்த கதை பேசியவன் நான்.

மறுநாள் மூன்றாம் நாள் வகுப்பு நடந்தது. ஆமாம், நடந்தது! முந்தின நாள் ஒரு குதிரையைப் புதைத்த தோட்டத்தில், ஒரு பெண் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, பங்களாவுக்குக் கீழே மைதானத்தில் தடைகளை நிறுத்தி, மேசை போட்டுத் தேத்தண்ணீர் வைத்து, கயிற்றையும் கட்டிவிட்டார்கள்.

பெரிய துரை லில்லியிடம் வருவதற்கு முன்னால் நான் கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே போனேன். முதல் தடையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும், இடமும் வலமும் குதிகாலால் மிதித்துக்கொண்டே போனேன். பெரிய துரை கத்தினார். குச்சித் துரை தன் குச்சியை அவருக்குக் குறுக்கே நீட்டி, விடுங்கள் என்று சொன்னார். அந்த ஒன்றுக்காக அவரை நான் பாதி மன்னித்தேன். ஐந்தாவது தடைக்குப் பின்னால் ஊற்று கசிந்து மண் தொளதொளத்துக் கிடந்தது. புல் மட்டும் பச்சையாக இருந்தது. நான் திரும்பி நடந்தேன். துரைமார் நின்ற பக்கம் போகவில்லை, கங்காணி கூப்பிட்டதற்கும் நிற்கவில்லை. குதிரைக்காரர்கள் வரிசைக்கு நேராக வந்தேன்.

"அஞ்சாவதுக்கு அந்தப் பக்கம் மண்ணு சரியில்ல. அவுங்கவுங்க வார இறுக்கறப்ப அவுங்கவுங்க ஆள்கிட்ட சொல்லிக்கிடுங்க" என்றேன்.

நான்கு பேரும் கேட்டுக்கொண்டார்கள். வாரை இறுக்கும்போது ஒவ்வொருவரும் குனிந்து ஏதோ முணுமுணுத்தது எனக்குத் தெரிந்தது. ஒரு துரை தலையைத் திருப்பி அந்தத் தடையைப் பார்த்தார். இன்னொருவர் போய்க் குச்சித் துரையிடம் கேட்டார். கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வந்து ஐந்தாவது தடையைத் தூக்கிக் கொண்டுபோய் வேறு இடத்தில் வைத்தார்கள். யார் பேரையும் அதற்காக வெட்டவில்லை, யாருடைய மானமும் போகவில்லை. வெற்றிலை ஒரு வாய் மெல்லுகிற நேரம்கூட ஆகவில்லை அதற்கு.

முத்தையா நின்ற இடத்தில் யாரும் இல்லை. காலையிலேயே அவன் சுல்தானின் சேணத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, தனியாகப் பூண்டுலோயாவுக்கு நடக்கத் தொடங்கிவிட்டான்.